நாலு நாலு ஒண்ணு ஏழு

ஆமா அண்ணாச்சி, திருச்செந்தூர் பஸ்தான். தைரியமா ஏறுங்க. போர்டு தெரியலியா? கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டியளா? சரி சரி, இங்கன உக்காருங்க. பையை மடியிலயே வச்சுக்கிடுதேன், மேல வைக்க மாட்டேன். உள்ள பேப்பர் இருக்கு. மடங்கிரக் கூடாது.

வீரபாண்டியன்பட்டணமா! நானும் அங்கதான் அண்ணாச்சி. என்ன விசேசம், கல்யாண வீடா? ஓ, ஞானஸ்நானம். மக வயித்துப் பேரனா, சந்தோசம். அப்ப ஊரு அத்துப்படின்னு சொல்லுங்க. கோயிலுக்குப் பின்னால போட் எஞ்சின் மெக்கானிக் ஒருத்தர் இருக்காராமே, அமலதாஸ்னு? தெரியுமா! அவரு வீட்டுக்குத்தான் போறேன். சொந்தமெல்லாம் இல்ல. அவரு அக்கா ஜெனோவா, எங்க ஆபீஸ்ல இருந்தாவ. பத்தொம்பது வருசம். இப்ப இல்ல.

அது பெரிய கதை. சொல்லவா? ஊரு வாரதுக்குள்ள சொல்லிருவேன், நான் வேகமாப் பேசுவேன். எங்க ஆபீஸ் கேஷியர் பூரணம் அண்ணாச்சி சொல்லுவாரு, "ஏல இசக்கி, ஆண்டவன் ஒனக்கு வாய் வச்சவன் ஒரு சுவிச்சு வைக்க மறந்துட்டாம்ல"ன்னு. என் பேரு இசக்கிராஜா.

நான் தூத்துக்குடியில கிளியரிங் ஆபீஸ்ல இருக்கேன். அதாவது கப்பல்ல சரக்கு வரும்லா, முந்திரிக்கொட்டை, மரத்தடி, பேப்பர் கழிவு, எல்லாம். அதுக்கு கஸ்டம்ஸ்ல பேப்பர் குடுத்து, வெளிய எடுத்து, லாரியில ஏத்தி விடுதது எங்க வேலை. சரக்குக்காரனை நாங்க பார்ட்டின்னு சொல்லுவோம். நான் சிஸ்டம் இன்சார்ஜ். அந்தப் பேரு நானே வச்சுக்கிட்டதுதான், முதலாளி வேண்டாம்னு சொல்லல. அதுக்கு முன்னால டைப் அடிச்சிட்டு, கம்ப்யூட்டரைத் தொடச்சிட்டு இருந்தேன். மெஷின் வந்த பொறவுதான் எனக்கு ஒரு மதிப்பு வந்துது.

டெலிபோன் மெஷின் அண்ணாச்சி. ஆபீஸுக்குள்ள ஒரு எக்ஸ்சேஞ்சு. சுவத்துல மாட்டிருக்கும், இம்புட்டுப் பெட்டி, உள்ள பச்சையா சிவப்பா லைட்டு மினுக்மினுக்குன்னு. அதோட அழகைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். சத்தியமா. நான் சோத்துப் பொட்டலத்தை அதுக்கு முன்னால உக்காந்துதான் தின்பேன்.

அதுக்கு முன்னால எப்படின்னா, ஆரு வேணாலும் போனை எடுத்து ஆருட்ட வேணாலும் பேசலாம். மாசக் கடைசியில பில்லு வந்தா முதலாளி தலையில கைய வச்சுக்கிட்டு உக்காருவாரு. எது எந்தப் பார்ட்டி வேலைக்குப் பேசினது, எது மச்சினிச்சிட்ட பேசினது, ஒண்ணும் தெரியாது. இப்ப அப்படி முடியாது. போனை எடுத்தா முதல்ல உங்க கோடு தட்டணும். நாலு நம்பரு. அது உங்களுக்கு மட்டும். ஒரு பீப் வரும். அப்புறம் பார்ட்டி கோடு, மூணு நம்பரு. எந்தப் பார்ட்டி வேலைக்காகப் பேசுதியளோ அந்த நம்பரு. ரெண்டு பீப். அப்பதான் வெளி லைனு திறக்கும். தப்பாத் தட்டினா ஊளை விடும் பாருங்க, ஊஊன்னு, ஆபீஸே திரும்பிப் பாக்கும்.

முதல் வாரம் ஊளையா ஊளை. பூரணம் அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் கோட்டை வாய் விட்டுச் சொல்லிக்கிட்டே தட்டுவாரு. "ரெண்டு... ஒம்பது... சீரோ... ஏல அடுத்து என்ன?" அந்தால மேசையில இருந்து இன்னொருத்தர் "அஞ்சு அண்ணாச்சி"ன்னு எடுத்துக் குடுப்பாரு. எனக்கு ரத்தம் கொதிக்கும். "அண்ணாச்சி, கோடுங்கது ரகசியம். கையெழுத்து மாதிரி. அடுத்தவனுக்குத் தெரியக் கூடாது"ம்பேன். அவரு, "போல, எம் பொண்டாட்டி கழுத்துல தாலி கட்டுதப்பகூட நான் இம்புட்டு ரகசியம் பாக்கல. ஊரையே கூட்டித்தான் கட்டினேன்"ம்பாரு. எல்லாவனும் சிரிப்பான். இந்தக் கூட்டத்தை வச்சுக்கிட்டு நான் சிஸ்டம் நடத்தணும், பாத்துக்கிடுங்க.

அக்கா ஒருத்திதான் ஒழுங்கு. ஜெனோவா அக்கா. நான் ஆளுக்கொரு கவர்ல கோடு எழுதி ஒட்டிக் குடுத்தேன்லா, மத்தவனெல்லாம் அதைக் கேலண்டர்ல எழுதினான், கால்குலேட்டர் மூடியில எழுதினான், ஒருத்தன் போன் மேலயே ஒட்டினான் அண்ணாச்சி! அக்கா கவரைப் பிரிச்சாவ, பாத்தாவ, கண்ணை மூடி உதட்டுக்குள்ள நாலு தடவை சொன்னாவ. அன்னைக்குச் சாயங்காலம் மாதா கோயில்ல மெழுகுதிரியில காட்டி எரிச்சுட்டாவளாம். மறுநா நான் கேட்டேன், "எங்கக்கா சீட்டு?"ன்னு. "எரிச்சாச்சு தம்பி. நெஞ்சுல இருக்கு"ன்னு தட்டிக் காட்டினாவ. நான் எல்லார் முன்னாலயும் சொன்னேன், "பாத்துக்கிடுங்க, இப்படித்தான் இருக்கணும்"ன்னு.

அப்புறம் ஒரு சர்க்குலர் போட்டேன். அதுவும் நானே எழுதினதுதான். 'கோடு எவருடையதோ அந்த அழைப்புக்கு முழுப் பொறுப்பும் அவருடையதே.' எப்படி இருக்கு? வக்கீல் எழுதின மாதிரி இல்ல? எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கினேன். பூரணம் அண்ணாச்சி அரைமணி நேரம் வாசிச்சாரு. அக்கா வாசிக்கவே இல்ல. "நீ எழுதினா சரியாத்தான இருக்கும்"ன்னு கையெழுத்துப் போட்டாவ.

டிக்கெட்டா? எடுத்துட்டேன் கண்டக்டர் அண்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே ஊருதான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆ, மெஷின் வந்தது ஆயுத பூசைக்கு ரெண்டு நா முன்னால. பூசையன்னைக்குத்தான் அதை ஓட்டி விட்டோம். எங்க ஆபீஸ்ல பூசை பிரமாதமா இருக்கும். ரிஜிஸ்தர், சாவிக்கொத்து, ரப்பர் ஸ்டாம்பு, டைப்ரைட்டர், எல்லாத்தையும் தொடச்சு வரிசையா வச்சு சந்தனம் குங்குமம் வைப்போம். மெஷினு சுவத்துல இருக்கே, அதைக் கழட்டி வைக்க முடியாது. அதனால நான் என்ன பண்ணினேன், கோடு லிஸ்டைப் பெரிய எழுத்துல ஒரு பிரிண்டு எடுத்து, தட்டுல மெஷினுக்குப் பதிலா அதை வச்சேன். எல்லாருக்கும் ஒரே பாராட்டு. முதலாளி சம்சாரமே வந்து, "இசக்கிக்கு எவ்வளவு விவரம் பாரு"ன்னாவ. சூடத்தட்டு வந்துது, எல்லாரும் வரிசையா வந்து தொட்டுக் கும்பிட்டாவ. முதலாளி மச்சினரு சுயம்பு சாரு மட்டும் தட்டு முன்னால ரொம்ப நேரம் நின்னாரு. கையக் கூப்பி, ஆடாம, உதடு மட்டும் முணுமுணுன்னு. நான்கூட நினைச்சேன், இவருக்கு இவ்வளவு பக்தியான்னு. அக்கா வேதக்காரவ இல்லியா, பூசைக்குத் தள்ளி நின்னாவ. பொரிகடலை மட்டும் வாங்கிக்கிட்டாவ.

மாசக் கடைசியில முதல் ரிப்போர்ட்டு எடுத்தேன். எங்க பிரிண்டரு பழசு, கிர்ரு கிர்ருன்னு ஊசியால குத்துத பிரிண்டரு. அகலம் பத்தல. ஒவ்வொரு வரியும் ஒடஞ்சு கீழ விழுது, பாக்கவே அசிங்கமா. எனக்கு அசிங்கமா இருந்தா ராத்திரி தூக்கம் வராது அண்ணாச்சி. அதனால ஒரு கட்டத்தை எடுத்துட்டேன். எக்ஸ்டென்சன் கட்டம். அதாவது எந்த மேசை போன்ல இருந்து பேசினதுன்னு காட்டுத கட்டம். ஆரு பேசினான்னு கோடே சொல்லிருதே, மேசை எதுக்கு? எடுத்த பொறவு பாக்கணுமே, ஒரு வரியில எல்லாம் நேரா நின்னுது. தேதி, நேரம், கோடு, பேரு, பார்ட்டி, போன் நம்பரு, எத்தனை நிமிசம். முதலாளி கையில வாங்கி, "பலே"ன்னாரு.

இப்பதான் விசயத்துக்கு வாரேன்.

மார்கழி பிறந்து ரெண்டு நாளு இருக்கும். எங்களுக்கு ஒரு முந்திரி பார்ட்டி. கொல்லத்துக்காரரு. பதினஞ்சு வருசமா எங்ககிட்டதான். வருசா வருசம் புது ரேட்டு எழுதிக் குடுப்போம், அவரு சரிம்பாரு, அம்புட்டுதான். இந்தத் தடவை நாங்க ரேட்டை அனுப்புததுக்கு முந்தின நாளே பீச் ரோட்டு ஏஜென்சிக்காரன் ஒருத்தன் எங்களை விட ஒரு நூல் குறைச்சு எழுதிக் குடுத்துட்டான். பார்ட்டி கைவிட்டுப் போயிட்டு. எங்க ரேட்டு அவனுக்கு எப்படித் தெரியும்? அது தெரிஞ்சது மூணே பேரு. முதலாளி, டைப் அடிச்ச அக்கா, கூட இருந்து பேசின சுயம்பு சாரு.

முதலாளி என்னைக் கூப்பிட்டாரு. "இசக்கி, அந்த ஏஜென்சி நம்பருக்கு நம்ம ஆபீஸ்ல இருந்து எவனாவது பேசியிருக்கானான்னு பாக்க முடியுமா?"

பாக்க முடியுமாவா! அண்ணாச்சி, ரெண்டு மாசமா நான் இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிடந்தேன். "அஞ்சு நிமிசம் சார்"னு ஓடினேன். அஞ்சு நிமிசம்கூட ஆகல. நம்பரைக் குடுத்துத் தேடினேன், கிர்ரு கிர்ருன்னு வந்துட்டுது. அந்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை. பன்னெண்டே முக்கால்ல இருந்து ஒண்ணேகால் வரைக்கும் மூணு தடவை. பார்ட்டி கோடு சீரோ மூணு எட்டு, அதாவது அதே முந்திரி பார்ட்டி. கோடு நாலு நாலு ஒண்ணு ஏழு.

கிழிச்சேன், கொண்டு போய்க் குடுத்தேன். பேரைக்கூட நான் சரியா வாசிக்கல. மெஷினு கண்டுபிடிச்சுட்டுதுங்கத சந்தோசத்துலயே ஓடினேன். முதலாளி வாசிச்சாரு. "ஜெனோவாவா?"ன்னாரு. அப்பதான் நானும் பாக்கேன்.

அக்காவைக் கூப்பிட்டாவ. அக்கா வந்து நின்னாவ, கையில பென்சிலோட. முதலாளி பேப்பரைத் திருப்பி வச்சாரு. அக்கா குனிஞ்சு பாத்தாவ.

"இது நான் பேசல சார்."

"உங்க கோடு தானம்மா?"

"என் கோடுதான். நான் பேசல. அன்னைக்கு முதல் வெள்ளி. நான் மாதா கோயிலுக்கு மத்தியானப் பூசைக்குப் போயிட்டேன். மாசாமாசம் போவேன், உங்களுக்கே தெரியும்."

"கோட்டை யாருட்டயாவது சொன்னீங்களா?"

அப்ப ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாம் அண்ணாச்சி. எவனோ கேட்டான், குடுத்தேன்னு. அக்கா, "இல்ல சார். சொல்லல. ஒருத்தர்ட்டயும் சொல்லல"ன்னாவ.

முதலாளி என்னைப் பாத்தாரு. "கோடு இல்லாம வேற ஆராவது பேச முடியுமால?"

நான் என்ன சொல்ல? மெஷினைப் பத்திக் கேட்டா உள்ளதைத்தான சொல்லணும். "முடியாது சார். சான்சே இல்ல"ன்னேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பாத்தாவ. கோவமாயில்லாம் இல்ல. பாத்தாவ, அம்புட்டுதான். "இசக்கி, நீ அன்னைக்கு என்னை வாசல்ல பாத்தியே. மழை வருது கொடை கொண்டு போங்கக்கான்னு சொன்னியே"ன்னாவ. சொன்னேன். ஞாபகம் இருந்துது. ஆனா எத்தனை மணின்னு சரியா ஞாபகம் இல்ல அண்ணாச்சி. மெஷின் செகண்டு கணக்காச் சொல்லுது. நான் குத்துமதிப்பா என்னத்தைச் சொல்ல? "மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா"ன்னேன்.

அக்கா கையில இருந்த பென்சிலை மேசையில வச்சாவ. கூட உக்காந்திருந்த சுயம்பு சாருதான் எந்திச்சு ஒரு டம்ளர்ல தண்ணி ஊத்திக் குடுத்தாரு. "உக்காந்து குடிங்கக்கா"ன்னாரு. அந்த ரூம்புக்குள்ள அவரு ஒருத்தர்தான் தண்ணி குடுத்தது.

கிறிஸ்மசுக்கு எட்டு நாளு இருக்கும்போது அக்கா வெளிய போனாவ. மேசையில இருந்து ஒரு ஜெபமாலை, ஒரு டிபன் பாக்ஸ், ஒரு மடக்குக் கொடை, அவ்வளவுதான் அவ்வோ சாமான். பூரணம் அண்ணாச்சி வாசல் வரைக்கும் போயி விட்டுட்டு வந்தாரு. வந்து என் மேசை முன்னால நின்னு, "ஏல, ஒன் மெஷினுக்கு இன்னைக்கு வயிறு நெறஞ்சுதா?"ன்னு கேட்டாரு. அன்னையில இருந்து எங்கிட்ட பேச்சு இல்ல. மெஷின் மேல கோவம் அண்ணாச்சி அவருக்கு. படிக்காதவரு.

முக்காணி தாண்டிட்டுதா? ஆத்துல தண்ணி கெடக்கு பாருங்க.

பொறவு கேளுங்க, இனிமேத்தான் என் திறமை. அக்கா கோட்டை அழிக்கச் சொல்லி முதலாளி சொன்னாரு. அழிக்கதுக்கு முன்னால எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வச்சுரணும்னு எனக்குத் தோணிச்சு. ஆருமே சொல்லல, நானாத்தான். அந்த நேரம் பெரிய பேப்பர் ஒரு கட்டு புதுசா வந்திருந்துது. அதுல எல்லாக் கட்டத்தையும் போட்டு அடிச்சேன். எக்ஸ்டென்சன் கட்டத்தையும் சேத்து.

அடிச்சுட்டு சும்மா பாத்துக்கிட்டே வந்தேன். அந்த மூணு வரி. கோடு நாலு நாலு ஒண்ணு ஏழு. மேசை நம்பரு பன்னெண்டு.

அக்கா மேசை பதினேழு. பன்னெண்டு சுயம்பு சாரு கேபினு.

மயிர்க்கூச்செறிஞ்சுட்டு அண்ணாச்சி. அவரு கேபின்ல அவரு இல்லாம வேற ஆளு நுழைய முடியாது, பூட்டு போட்டுட்டுத்தான் போவாரு. வெளிய பூத்துல போய்ப் பேசினா துறைமுகத்துல நாலு பேரு பாப்பான். அதான் உள்ள இருந்தே, அக்கா கோட்டைத் தட்டி. அதுலயும் பாருங்க, பார்ட்டி கோட்டைச் சரியாத் தட்டியிருக்காரு! முந்திரி பார்ட்டியைப் பத்திப் பேசுததுக்கு முந்திரி பார்ட்டி கோடு. எந்தக் கோட்டை வேணாலும் தட்டியிருக்கலாம்லா? திருட்டு வேலையைக்கூட ஒழுங்காச் செய்ய வச்சிருக்கு என் சிஸ்டம். மெஷின் பொய்யே சொல்லல. எல்லாத்தையும் எழுதித்தான் வச்சிருக்கு, ஒரு கட்டத்தை மட்டும் பேப்பர்ல காட்டல, அம்புட்டுதான்.

நேரா முதலாளிட்ட போனேன். பேப்பரை விரிச்சேன். விரலை வச்சுக் காட்டினேன். அவரு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. மூணா மடிச்சாரு, டிராயருக்குள்ள வச்சாரு, பூட்டினாரு.

"வேற ஆருட்ட காட்டின?"

"ஆருட்டயும் இல்ல சார்."

"மெஷினு ரூம்பு சூடா இருக்குன்னு சொன்னியேல?"

"ஆமா சார். வெயில் காலத்துல தாங்காது."

"ஏசி போட்டிருவோம். அந்த மேசை நம்பர் கட்டம் இருக்கு பாரு, அது வேண்டாம். ஒட்டுக்கா எடுத்துரு. பேப்பர் வீணா போகுது."

அடுத்த வாரமே ஏசி வந்துட்டு அண்ணாச்சி! முதலாளி ரூம்புக்கு அப்புறம் ஆபீஸ்லயே மெஷினுக்குத்தான் ஏசி. இப்ப அது சும்மா ஜம்முன்னு ஓடுது. நான் மேசையை உள்ளயே போட்டுக்கிட்டேன். கட்டத்தை எடுத்துட்டேன், எடுக்காம? முதலாளி சொன்னா செய்யணும்லா. சுயம்பு சாரு இருக்காரு, எங்க போவாரு. அன்னைக்குக்கூட "என்ன இசக்கி, குளுகுளுன்னு இருக்க போல"ன்னு தோளைத் தட்டிட்டுப் போனாரு. அக்கா கோட்டைப் புதுசா வந்த புள்ளைக்குக் குடுத்தாச்சு. நம்பரை வீணாக்கக் கூடாதுல்லா.

ஆனா எனக்கு மனசு கேக்கல. மனுசன்தான நானும்.

போன செவ்வாக்கிழமை அக்கா போன் பண்ணினாவ. ரூவா போட்டுப் பேசுத டப்பாவுல இருந்து. நடுவுல நடுவுல கீ கீன்னு கத்துது. "இசக்கி, ஒரு கப்பல் ஏஜென்ட்டு என்னை எடுத்துக்கிடுதேன்னு சொல்லுதாரு. பழைய ஆபீஸ்ல உன்மேல தப்பு இல்லன்னு ஒரு ஆளாவது எழுதித் தந்தாப் போதும்னு சொல்லுதாரு. திங்கக்கிழமைக்குள்ள. முதலாளி தர மாட்டாரு, தெரியும். நீ எழுதித் தருவியா தம்பி? அன்னைக்குக் கொடை கொண்டு போகச் சொன்னியே, அது மட்டும் எழுதினாக்கூட..." அதுக்குள்ள காசு தீந்துட்டு. லைன் கட்டாயிட்டுது. "பாக்கேன்க்கா"ன்னு நான் சொன்னது கேட்டுதோ கேக்கலியோ.

துறைமுகத்துல ஒரு தடவை பேரு போனா போனதுதான் அண்ணாச்சி. பத்து ஆபீஸ் ஏறி எறங்கிட்டாவளாம். ரேட்டு வித்தவன்னு எல்லாவனுக்கும் தெரிஞ்சு போச்சு. இந்தக் கப்பல்காரரு ஒருத்தர்தான் பாக்கி. அதுவும் இல்லன்னா தம்பி பொண்டாட்டி கையால எத்தனை நாளைக்குச் சாப்பிட முடியும், சொல்லுங்க.

அதான் கொண்டு போறேன். இந்தப் பையில இருக்கது அதுதான். முழு ரிப்போர்ட்டு! முதலாளிட்ட குடுத்தது போக இன்னொரு காப்பி வச்சிருந்தேன்லா, அது. அக்கா கேட்டது ஒரு வரி. நான் கொண்டு போறது எல்லாக் கட்டமும் சேத்து. பாக்கியளா? மெதுவாப் பிடிங்க. இந்தா, இந்த மூணு வரி. சிவப்பு மையில அடிக்கோடு போட்டிருக்கேன். மேசை பன்னெண்டு. இதைப் பாத்தா எவனாவது வாயைத் திறப்பானா?

மேல கிழிஞ்சிருக்கா? ஆமா, அது நான் கிழிச்சதுதான். மேல ஆபீஸ் பேரு இருக்கும், பொறவு ஆரு பிரிண்டு எடுத்தான்னு பேரு இருக்கும். இசக்கின்னு. அது எதுக்கு? நாளைக்கு ஒரு பேச்சுன்னு வந்தா எனக்கு வேலை போயிரும்லா. வீட்டுல ரெண்டு தங்கச்சி இருக்கு. மெஷின் சொல்லுதது உண்மையா இல்லியாங்கதுதான முக்கியம், எவன் எடுத்தா என்ன?

எவன் நம்புவான்னா கேக்கிய? ஏன் நம்ப மாட்டான்? நம்பர் இருக்குல்லா. நேரம் இருக்குல்லா.

கையெழுத்தா? அக்கா கேட்டாவதான். ஆனா அண்ணாச்சி, மெஷின் ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்து தேவையே இல்ல. கரண்டு பில்லுல எவனாவது கையெழுத்துப் போடுதானா?

சரி, கையெழுத்தை விடுங்க. எனக்கு விளங்காதது ஒண்ணே ஒண்ணுதான். அக்கா கோடு சுயம்பு சாருக்கு எப்படித் தெரிஞ்சுது? மண்டையைப் போட்டு ஒடைச்சுக்கிட்டேன். மத்தவன் கோடுன்னா சரி, சுவத்துல எழுதிப் போட்டிருந்தான். அக்கா எங்கயும் எழுதல. வாயைத் திறந்தும் சொல்லல. சீட்டை எரிச்சாச்சு. உலகத்துலயே அது இருந்தது ரெண்டு எடம், அக்கா நெஞ்சுலயும் என் லிஸ்டுலயும். என் லிஸ்டு பீரோவுக்குள்ள, பீரோ சாவி என் அரைஞாண் கயித்துல. குளிக்கும்போதுகூட அவுக்க மாட்டேன்.

லிஸ்டையும் கொண்டாந்திருக்கேன். எந்தக் கோடு ஆருதுன்னு ஆதாரம் வேணும்லா. இந்தா. குங்குமத்தைப் பாக்காதிய, அது பூசையில வச்சதுனால அப்பினது. நல்லதுதான்னு அப்படியே வச்சிருக்கேன். சீனியாரிட்டிப்படி அடிச்சிருக்கேன், அக்காதான் முதல்ல. சுயம்பு சாரு முதலாளி குடும்பம்லா, அதனால அவரு இதுல வரல...

என்ன அண்ணாச்சி?

ஆமா. ஜெனோவா. நாலு நாலு ஒண்ணு ஏழு. சரியாத்தான் வாசிக்கிய.

இல்ல, நான் இன்னும் உங்க கையில தரலியே. என் மடியிலதான இருக்கு. கண்ணாடியும் இல்லன்னியளே.

அது... பெரிய எழுத்துல அடிச்சது. தட்டுல வைக்கதுக்காக. சின்ன எழுத்துன்னா பாக்க நல்லா இருக்காதுன்னு.

ஆனா பூசையில எல்லாரும் கண்ணை மூடித்தான கும்பிடுவாவ? சூடம் காட்டும்போது எவனாவது கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு... சுயம்பு சாரு நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. உதடு அசைஞ்சுது. நான் மந்திரம்னு...

சன்னலைக் கொஞ்சம் திறங்க அண்ணாச்சி. காத்தே இல்ல.

இது என்ன ஊரு? ஆறுமுகனேரியா? இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். நான் இங்கன இறங்கிக்கிடுதேன். ஒரு சோலி இருக்கு, மறந்தே போயிட்டேன். நீங்க எப்படியும் அந்தப் பக்கந்தான போறிய? இந்த ரிப்போர்ட்டை அமலதாஸ் வீட்டுல குடுத்துருங்க. கோயிலுக்குப் பின்னாலதான, உங்களுக்குத்தான் வீடு தெரியுமே. அக்கா கையில குடுத்தாப் போதும். மேசை பன்னெண்டுன்னு சொல்லுங்க, அவ்வோளுக்குப் புரிஞ்சிரும்.

ஆரு குடுத்தான்னு கேட்டாவன்னா... பஸ்ல ஒருத்தன்னு சொல்லுங்க. பேரு வேண்டாம். ஆபீஸ்னும் சொல்லாதிய. அக்காவுக்கே தெரியும்.

அந்த லிஸ்டை எதுக்கு எடுத்திய? அது வேண்டாம், அது எங்கிட்டயே இருக்கட்டும். குடுங்க அண்ணாச்சி.

பேனாவா? எங்கிட்ட எதுக்கு பேனாவை நீட்டுதிய?

பஸ்ஸு நின்னுட்டுது. வழி விடுங்க.